சாயத் தண்ணீரை வெயிலில் வைத்தே தெளிய வைக்கலாமா?

கேள்வி: வீரவநல்லூரில் கைத்தறி நூலுக்குச் சாயம் போடும் சின்னப் பட்டறை எங்களுடையது. டைட்டானியம் பவுடரைக் கழிவுத் தண்ணீரில் கலந்து வெயிலில் வைத்தால் நிறம் போய்விடும் என்கிறார்கள். நம்பிச் செய்யலாமா?

பதில்: செய்து பார்க்கலாம். ஆனால் சாயத்தொட்டியில் மிஞ்சும் கெட்டித் தண்ணீரில் வேண்டாம், கடைசி அலசல் தண்ணீரில் பாருங்கள்.

டைட்டானியம் டை ஆக்சைடு துகள் மேல் புற ஊதாக் கதிர் பட்டால் ஹைட்ராக்சில் ரேடிக்கல் என்ற, கிடைத்ததைத் தாக்கும் வேதித்துகள் உண்டாகும். சாயத்தைத் துண்டாக்குவது அதுதான். வெயிலில் புற ஊதாவின் பங்கு 5 சதவீதத்துக்குள்தான். கருநீலத் தண்ணீரில் அதுவும் மேலேயே நின்றுவிடும். சித்திரை வெயிலாகவே இருக்கட்டும், தொட்டியின் அடியில் இருட்டுதான். போதாததற்கு, பருத்தி நூலோடு வேதிப்பிணைப்பு கொள்ளும் ரியாக்டிவ் சாயம் என்றால் உப்பும் சோடாவும் நிறைய இருக்கும். அவை சாயத்துக்கு முந்திக்கொண்டு ரேடிக்கலைத் தின்றுவிடும். ஆய்வுக்கூடத்தில் தெளிந்ததாகச் சொல்வதெல்லாம் பெரும்பாலும் சுத்தமான தண்ணீரில் துளி சாயம் கலந்து பார்த்தது.

அதனால் கெட்டித் தண்ணீரைத் தனியாகப் பிடித்து, படிகாரமும் சுண்ணாம்பும் போட்டு வண்டலை இறக்குங்கள். அந்த வண்டலும் கழிவுதான், வயலில் கொட்டக் கூடாது.

பவுடர் வாங்கும்போது ‘அனடேஸ்’ வகைதானா என்று கேளுங்கள். பெயிண்டுக்கு விற்பது பெரும்பாலும் ‘ரூடைல்’ என்ற வேறு படிக வகை. பெயிண்ட் வெயிலில் கெடாமல் இருக்கத் துகளுக்கு மேல்பூச்சு கொடுத்திருப்பார்கள். நமக்கு வேண்டிய வேலையைத்தான் அந்தப் பூச்சு தடுக்கும். என்95 மாஸ்க் இல்லாமல் பவுடரைக் கையாள வேண்டாம்; பேப்பர் மாஸ்க் போதாது.

அப்புறம் மூன்று எவர்சில்வர் தட்டு எடுத்து, ஒவ்வொன்றிலும் அலசல் தண்ணீரை இரண்டு விரல்கடை உயரத்துக்கு மட்டும் ஊற்றுங்கள். ஒன்று பவுடர் இல்லாமல் வெயிலில், ஒன்று பவுடரோடு இருட்டறையில், ஒன்று பவுடரோடு வெயிலில். லிட்டருக்கு ஒரு கிராம் போதும்; அவ்வப்போது கிளறிவிடுங்கள். இருட்டறைத் தட்டும் தெளிந்து, அடியில் பவுடர் நிறம் ஏறிக் கிடந்தால் சாயம் அழியவில்லை, பவுடரில் ஒட்டிக்கொண்டது, அவ்வளவுதான். பலரும் ஏமாறுவது இங்கேதான். வெயில் தட்டில் தண்ணீர் தெளிந்து பவுடரும் வெள்ளையாக இருந்தால்தான் மேற்கொண்டு யோசிக்கலாம். அப்போதும் பெரிய அளவில் பவுடரைத் தண்ணீரில் கலக்காதீர்கள், அது படிய நாளாகும். சரிவான கண்ணாடியிலோ ஓட்டிலோ பூசி, தண்ணீரை மெல்லிய படலமாக அதன் மேல் ஓடவிடுவது நல்லது.

நிறம் போனாலும் கன்னடியன் கால்வாயில் திறந்துவிட முடியாது. அசோ என்ற பெரிய வகைச் சாயம் பாதியில் உடைந்தால் அரோமாட்டிக் அமீன்கள் என்ற நிறமில்லாத வேதிப்பொருள்கள் மிஞ்சலாம், சில நச்சுள்ளவை. தண்ணீரில் மிஞ்சிய கழிவை ஆக்சிஜனேற்ற எவ்வளவு ஆக்சிஜன் வேண்டும் என்று காட்டும் சிஓடி சோதனை செய்து பாருங்கள். நீர்நிலையில் விட லிட்டருக்கு 250 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும். உப்பு இந்த முறையில் ஒரு சிட்டிகை கூடக் குறையாது, அதற்கு ஆர்ஓ போன்ற வேறு ஏற்பாடுதான். தட்டுச் சோதனை சரியாக வந்தாலும், கண்ணாடிக்குச் செலவு செய்யும் முன் மாசுக்கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்ட அலுவலகத்தில் அனுமதி பற்றிக் கேட்டுக்கொள்ளுங்கள்.