பாலிகிராப் நிபுணராக லைசென்ஸ் வேண்டுமா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

ஏதாவது ஒரு வழக்கில் ‘உண்மை கண்டறியும் சோதனை’ (பாலிகிராப்) என்று பேப்பரில் தலைப்பு வந்துவிட்டால் போதும், ‘அந்த வேலைக்கு என்ன படிக்கணும், லைசென்ஸ் யார் தருவார்கள்?’ என்று கடிதங்கள் வர ஆரம்பித்துவிடும். இந்த முறை வந்தவற்றுக்குச் சேர்த்தே பதில் சொல்லிவிடுகிறேன்.

எம்.எஸ்ஸி. உளவியல் முடிக்கப்போகிறேன். பாலிகிராப் எக்ஸாமினர் லைசென்ஸுக்கு இந்தியாவில் எங்கே விண்ணப்பிக்க வேண்டும்? (மாணவி, கோவை)

எங்கேயும் விண்ணப்பிக்க வேண்டாம். அப்படியொரு லைசென்ஸே இங்கே கிடையாது. வக்கீலுக்கு பார் கவுன்சில் இருக்கிறது, டாக்டருக்கு மெடிக்கல் கவுன்சில் இருக்கிறது. பாலிகிராப் செய்பவர்களைப் பதிவு செய்யவோ, தவறு செய்தால் பெயரை நீக்கவோ இந்தியாவில் சட்டப்படியான அமைப்பு எதுவும் இல்லை.

இங்கே பணி நியமனம்தான் லைசென்ஸ். மத்திய தடய அறிவியல் ஆய்வகங்களிலும், சில மாநில ஆய்வகங்களிலும் தடய உளவியல் பிரிவு இருக்கிறது. அங்கே அறிவியல் அலுவலராகச் சேர்பவர்கள்தான் போலீஸ் வழக்குகளில் இந்தச் சோதனையைச் செய்கிறார்கள். மத்திய ஆய்வகப் பணிகளுக்கு யு.பி.எஸ்.சி. அறிவிப்பு வரும். உளவியலிலோ குற்றவியலிலோ முதுகலைப் பட்டம் கேட்பார்கள், பதவிக்கு ஏற்ப முன் அனுபவமும் கேட்பார்கள். அனுபவம் என்ற இடத்தில்தான் பலர் நின்றுவிடுகிறார்கள். அதனால் படிக்கும்போதே ஏதாவது ஓர் ஆய்வகத்தில் இன்டர்ன்ஷிப் கேட்டு எழுதுங்கள். குஜராத் காந்திநகரில் உள்ள தேசிய தடய அறிவியல் பல்கலைக்கழகத்தில் தடய உளவியலுக்கென்றே முதுகலைப் படிப்பு உண்டு. 2009-இல் மாநிலப் பல்கலைக்கழகமாகத் தொடங்கி, 2020-இல் நாடாளுமன்றச் சட்டத்தால் தேசிய அந்தஸ்து பெற்றது. இன்றைய நிலையில் இந்தத் துறைக்குள் வர நேரான வழி அதுதான் என்பேன்.

ஒரு தனியார் நிறுவனம் ஆறு நாள் ஆன்லைன் கோர்ஸ் முடித்தால் ‘சர்டிஃபைடு பாலிகிராப் எக்ஸாமினர் லைசென்ஸ்’ தருவதாகச் சொல்கிறது. சேரலாமா? (மதுரை)

பணம் மிச்சம் இருந்தால், பொது அறிவுக்காகச் சேருங்கள். அவர்கள் தரும் காகிதம் லைசென்ஸ் இல்லை. லைசென்ஸ் கொடுக்கும் அதிகாரமே யாருக்கும் இல்லாத நாட்டில் அவர்களால் மட்டும் எப்படிக் கொடுக்க முடியும்?

ஆறு நாளில் என்ன கற்றுக்கொள்ள முடியும் என்பதையும் பார்ப்போம். நெஞ்சைச் சுற்றி ஒரு ரப்பர் குழாய், வயிற்றைச் சுற்றி இன்னொன்று, விரல்களில் இரண்டு தகடுகள், கையில் பி.பி. பார்க்கும் பட்டை. இவற்றை மாட்டுவதற்கு ஒரு மதிய நேரம் போதும். கஷ்டமெல்லாம் அதற்கு முன்னால் நடப்பதில் இருக்கிறது. சோதனைக்கு வருபவரிடம் ஒரு மணி நேரத்துக்கு மேல் பேச வேண்டும். கேட்கப்போகும் ஒவ்வொரு கேள்வியையும் முன்கூட்டியே படித்துக் காட்ட வேண்டும். சினிமாவில் வருவதுபோல் திடீர்க் கேள்வி எதுவும் கிடையாது. எல்லாம் ‘ஆமாம்’, ‘இல்லை’ பதில்தான். ‘அந்தப் பணத்தை எடுத்தீர்களா?’ என்பதும் ‘அந்தப் பணத்தைத் திருடினீர்களா?’ என்பதும் ஒரே கேள்வி இல்லை. தன் சம்பளப் பாக்கிக்காக எடுத்தேன் என்று மனதார நம்புகிறவர் இரண்டாவது கேள்விக்கு அசையாமல் ‘இல்லை’ என்பார். வழக்கோடு தொடர்புள்ள கேள்வி, ஒப்பிடுவதற்கான கேள்வி, சும்மா நிரப்பும் கேள்வி என்று கலந்து, ஒவ்வொன்றுக்கும் நடுவே இருபது, இருபத்தைந்து விநாடி இடைவெளி விட்டுக் கேட்க வேண்டும். பட்டையை ரொம்ப நேரம் இறுக்கி வைத்திருந்தால் கை மரத்துப்போகும் என்பதால் சில நிமிடங்களுக்குள் ஒரு சுற்று முடிய வேண்டும். அப்புறம் ஓய்வு, மறுபடி ஒரு சுற்று.

இதற்கெல்லாம் அமெரிக்க பாலிகிராப் சங்கம் அங்கீகரிக்கும் பள்ளிகளில் குறைந்தது 400 மணி நேர வகுப்பு, அதாவது சுமார் பத்து வாரம். அதோடும் முடிவதில்லை. சங்க உறுப்பினர்கள் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை 30 மணி நேரத் தொடர் பயிற்சியும் முடிக்க வேண்டும். நீங்கள் சேரப்போகிற கோர்ஸ் எத்தனை மணி நேரம் என்று மட்டும் கேட்டுப் பாருங்கள்.

எனக்கு ஆர்.சி.ஐ. (இந்திய மறுவாழ்வு மன்றம்) பதிவு இருக்கிறது. அது போதாதா? (மருத்துவ உளவியலாளர், சேலம்)

அது சிகிச்சைக்கான பதிவு. 1992-ஆம் ஆண்டு இந்திய மறுவாழ்வு மன்றச் சட்டத்தின் கீழ் வருவது. பாலிகிராப் செய்ய அதைக் கேட்பதும் இல்லை, அது இருப்பதாலேயே பாலிகிராப் நிபுணர் ஆகிவிடவும் முடியாது. மனநிலை சரியில்லாதவர், கடும் மருந்து எடுப்பவர் சோதனைக்கு வந்தால் அடையாளம் கண்டு நிறுத்த உங்கள் படிப்பு உதவும்.

டல்லாஸில் இருக்கிறேன். அமெரிக்காவில் இதற்கு லைசென்ஸ் கட்டாயம் என்கிறார்களே? (பெயர் வேண்டாம் என்ற வாசகர்)

மாநிலத்துக்கு மாநிலம் மாறும். சில மாநிலங்களில் கட்டாயம், சிலவற்றில் இல்லை. நீங்கள் இருக்கும் டெக்சாஸில் இப்போதைய விதி என்ன என்று அந்த மாநிலத்தின் உரிமம் மற்றும் ஒழுங்குமுறைத் துறையிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.  லைசென்ஸ் கேட்கும் மாநிலங்களில் பொதுவாக அங்கீகாரம் பெற்ற பள்ளியில் படித்து, லைசென்ஸ் உள்ளவரின் மேற்பார்வையில் இன்டர்ன்ஷிப் செய்து, தேர்வும் எழுத வேண்டும். கலிபோர்னியாவுக்கோ நியூயார்க்குக்கோ போனால் மாநில லைசென்ஸ் என்ற பேச்சே இல்லை.

அதற்காக அங்கே இஷ்டத்துக்குச் செய்துவிட முடியாது. 1988-இல் வந்த ஊழியர் பாலிகிராப் பாதுகாப்புச் சட்டம் நாடு முழுவதற்கும் பொருந்தும். பெரும்பாலான தனியார் நிறுவனங்கள் ஊழியரையோ வேலை கேட்டு வருபவரையோ இந்தச் சோதனைக்கு உட்காரவைக்கக் கூடாது. காவல் நிறுவனங்கள், மருந்து நிறுவனங்கள், பண இழப்பு பற்றி நடந்துகொண்டிருக்கும் விசாரணை என்று சில விலக்குகள் உண்டு. அந்த விலக்கில் சோதனை செய்பவருக்குத்தான் கடிவாளம். மாநிலம் லைசென்ஸ் கேட்டால் அது கையில் இருக்க வேண்டும். 50,000 டாலர் பிணைப் பத்திரமோ அதற்கு ஈடான காப்பீடோ வேண்டும். ஒரு நாளில் ஐந்து சோதனைக்கு மேல் கூடாது, ஒவ்வொன்றும் 90 நிமிடத்துக்குக் குறையக் கூடாது, ஆவணங்களை மூன்று வருடம் வைத்திருக்க வேண்டும். இதில் 90 நிமிட விதி எனக்கு மிகவும் பிடித்தது. அவசர அவசரமாக முடித்துவிட்டுப் ‘பொய் சொல்கிறார்’ என்று எழுதும் பழக்கத்துக்கு அதைவிட நல்ல மருந்து இல்லை. அரசு அமைப்புகளுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது. அவர்களில் மத்திய அரசு நிபுணர்களுக்கு தென் கரோலினாவில் ஃபோர்ட் ஜாக்சன் ராணுவத் தளத்தில் தனிப் பயிற்சி மையமே இருக்கிறது.

‘சோதனை செய்தவருக்கு லைசென்ஸ் இல்லை’ என்று குறுக்கு விசாரணையில் அடிக்கலாமா? (இளம் வழக்கறிஞர், திருச்சி)

அடிக்கலாம், ஆனால் பெரிதாகப் பலன் இருக்காது. பழைய சாட்சியச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய சாக்ஷிய அதிநியத்தின் 39-வது பிரிவு நிபுணரிடம் எதிர்பார்ப்பது தனித் திறமையைத்தான், லைசென்ஸை இல்லை. எங்கே பயிற்சி எடுத்தார், யார் மேற்பார்வையில் எடுத்தார் என்று கேளுங்கள். அதைவிட முக்கியம், சம்மதக் காகிதம் எங்கே என்று கேளுங்கள்.

செல்வி எதிர் கர்நாடக அரசு வழக்கில் 2010 மே 5-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் சொன்னது இதுதான்: சம்மதமில்லாமல் யாருக்கும் பாலிகிராப், நார்கோ (மருந்து செலுத்திப் பேசவைப்பது), மூளை வரைபடச் சோதனை செய்யக் கூடாது. சம்மதத்தோடு செய்தாலும் முடிவை மட்டும் வைத்து ஆதாரமாகக் கொள்ள முடியாது. சம்மதத்தோடு நடந்த சோதனையின் உதவியால் பிற்பாடு ஒரு பொருளோ தகவலோ கிடைத்தால் அதை ஏற்கலாம். பழைய சாட்சியச் சட்டத்தின் 27-வது பிரிவு வழியாகச் சொன்னது, இன்று அது புதிய சட்டத்தின் 23-வது பிரிவில் இருக்கிறது. தேசிய மனித உரிமை ஆணையம் 2000-இல் வகுத்த வழிமுறைகளையும் அந்தத் தீர்ப்பு கட்டாயமாக்கியது. மாஜிஸ்திரேட் முன்னிலையில் சம்மதம் பதிவாக வேண்டும், வக்கீலை அணுக வழி வேண்டும், சொல்வது மாஜிஸ்திரேட்டிடம் தரும் ஒப்புதல் வாக்குமூலம் ஆகாது, போலீஸிடம் சொன்ன வாக்குமூலம்தான் என்று விளக்க வேண்டும்.

உங்கள் ஊர் உதாரணமே இருக்கிறது. 2012-இல் நடந்த ராமஜெயம் கொலை வழக்கில் 2023 ஜனவரியில் சென்னையில் பாலிகிராப் சோதனை நடந்தபோது, முதலில் திருச்சி நீதிமன்றத்தில் சம்மதம் கேட்டார்கள். சம்மதித்தவர்களுக்குத்தான் சோதனை.

கம்பெனியில் இரண்டு லட்சம் காணவில்லை. தனியார் நிபுணரை வைத்து ஊழியர்களைச் சோதிக்கலாமா? (திருப்பூர்)

அமெரிக்கச் சட்டம் மாதிரி இங்கே தனியாருக்கென்று தனிச் சட்டம் இல்லை. ஆனாலும் வேண்டாம் என்பேன். சம்பளம் கொடுக்கும் கை கேட்கும்போது ஊழியர் தரும் சம்மதத்தை நான் சம்மதமாகவே எண்ண மாட்டேன். தவறாக ஒருவரைக் காட்டிவிட்டால் அவர் வாழ்க்கையும் உங்கள் கம்பெனியும் கோர்ட்டில் நிற்கும். அமெரிக்க தேசிய ஆய்வு மன்றம் 2003-இல் அறிக்கை கொடுத்தது. குறிப்பிட்ட ஒரு சம்பவம் பற்றிய சோதனை குருட்டு யூகத்தைவிட நன்றாகவே கண்டுபிடிக்கிறது, ஆனால் பிழையில்லாத நிலைக்கு வெகு தூரம் என்றது. உங்கள் இரண்டு லட்சத்துக்கு போலீஸில் புகார் கொடுங்கள்.

சாஃப்ட்வேரே மதிப்பெண் போடுகிறதாமே, மனிதர் எதற்கு? (கல்லூரி மாணவர், சென்னை)

மூச்சு, வியர்வை, பி.பி. மாற்றங்களைக் காட்டும் வரைபடத்துக்குத்தான் அது மதிப்பெண் போடும். கேள்வி தப்பாக இருந்தால் மதிப்பெண்ணும் தப்புதான்.

இது போலீஸ் வேலையா? பெண்கள் வரலாமா? (தஞ்சாவூர்)

தாராளமாக வரலாம். இது போலீஸ் வேலை இல்லை, சீருடை கிடையாது, ஓட்டப் பந்தயம் கிடையாது. சந்தேக நபரைக் கூட்டி வரும் காவலரைக் கதவுக்கு வெளியே நிற்கச் சொல்லும் தைரியம் வேண்டும். அதிகாரி உள்ளே உட்கார்ந்தே தீருவேன் என்றால், சோதனையைத் தள்ளிவைத்துவிட்டுக் காரணத்தைக் கோப்பில் எழுதி வையுங்கள். கோர்ட்டில் கேட்பார்கள்.