முரட்டு கிதார்காரர்களின் மெல்லிய பாட்டு: வாசகர் கேள்வி பதில்

போன இதழில் ஹார்ட் ராக் குழுக்களின் மெதுவான பாடல்களைப் பற்றி இரண்டு வரி எழுதியிருந்தேன். காரைக்குடி வட்டாரத்திலிருந்து மட்டும் அதற்கு இவ்வளவு கடிதம் வரும் என்று நினைக்கவில்லை. அதனால் இந்த முறை முழுக்க இதுதான்.

கல்லூரி நாட்களில் ஜெர்மனியின் ஸ்கார்பியன்ஸ் குழுவின் ‘ஸ்டில் லவிங் யூ’ கேசட்டைத் தேயத் தேயக் கேட்டவன் நான். போன மாதம் முன்னோருக்குப் படைக்கும் படைப்புக்காக ஊருக்கு வந்தபோது காரில் அந்தப் பாட்டு ஓடியது, கண் கலங்கிவிட்டது. “சாதாரண காதல் பாட்டுதான் அப்பச்சி, உங்களுக்கு வயசாயிடுச்சு” என்கிறான் மகன். பாட்டில் விஷயம் இருக்கிறதா, இல்லை வயதுதானா?
வாசகர், தேவகோட்டை

இரண்டும்தான். வயதை முதலில் சொல்லிவிடுகிறேன். நடுவயதைத் தாண்டியவர்களிடம் வாழ்க்கை நினைவுகளைக் கேட்டுப் பார்த்த உளவியல் ஆய்வாளர்கள் திரும்பத் திரும்பக் கண்டது, பத்து வயதிலிருந்து முப்பதுக்குள் நடந்தவைதான் அதிகம் ஞாபகத்தில் நிற்கின்றன என்பது. பாட்டும் அப்படித்தான். ஆனால் அந்த வயதில் நீங்கள் நூற்றுக்கணக்கில் பாட்டு கேட்டிருப்பீர்கள், எல்லாவற்றுக்குமா கண் கலங்குகிறது?

இங்கேதான் பாட்டின் பங்கு வருகிறது. ஹார்ட் ராக் கிதாரின் அந்த முரட்டு ஒலி, ஆம்ப்ளிஃபையரை அதன் சக்திக்கு மேல் திணறவைத்து எடுப்பது. ஒலி அலையின் உச்சி வெட்டுப்பட்டு, கம்பியில் இல்லாத புதுப்புது ஒலிகள் கிளம்பும். இரண்டு சுரத்தைச் சேர்த்து வாசித்தால் அவை மோதி இன்னும் சில சுரங்களைப் பிறப்பிக்கும். ஷட்ஜமமும் பஞ்சமமும் 2:3 என்ற எளிய விகிதத்தில் இருப்பதால் பிறப்பதும் அதற்குள்ளேயே அடங்கி, கணீரென்று கேட்கும். நடுவில் காந்தாரத்தைச் சேர்த்தால் எல்லாம் கசகசவென்று ஆகிவிடும். அதனால் காந்தாரத்தை விட்டுவிட்டு ச, ப மட்டும் வாசிப்பார்கள், அதற்குப் பவர் கார்டு என்று பெயர் (கார்டு என்றால் சேர்ந்து ஒலிக்கும் சுரங்கள்). ஹார்ட் ராக்கின் பலமே அந்த ச-ப தான், ஆனால் அது சிரிக்கவும் சிரிக்காது, அழவும் அழாது. ஒரு கார்டு மலர்ந்திருக்கிறதா வாடியிருக்கிறதா என்பது சற்று உயர்ந்த அந்தர காந்தாரமா, சற்றுத் தாழ்ந்த சாதாரண காந்தாரமா என்பதில்தான் இருக்கிறது, அதைத்தான் இவர்கள் வெளியே நிறுத்தி வைத்திருக்கிறார்கள்.

அதே ஆட்கள் சத்தத்தைக் குறைத்துக் கம்பி கம்பியாக மீட்டும்போது காந்தாரம் திரும்பி வந்துவிடுகிறது. ‘ஸ்டில் லவிங் யூ’ அப்படித்தான் ஆரம்பிக்கிறது, ஒவ்வொரு கம்பியும் தனித்தனியாக, சாதாரண காந்தாரத்தின் அத்தனை சோகத்தோடும். அப்புறம் மெல்ல மெல்ல ஏறி, கடைசியில் முரட்டு கிதார்கள் வந்து சேரும்போது, முதலில் கேட்ட அந்தக் காந்தாரம் காதில் மிச்சம் இருக்கிறது. ஆறு நிமிடத்துக்கு மேல் ஓடும் பாட்டு, அவ்வளவு நேரமும் அதற்குத் தேவை.

இன்னொன்றும் உண்டு. பாடகர் கிளாஸ் மைனேவுக்கு எண்பதுகளின் தொடக்கத்தில் குரல் போய்விட்டது, தொண்டையில் அறுவை சிகிச்சை செய்தார்கள், இனி பாடவே முடியாமல் போகலாம் என்ற நிலை. அதிலிருந்து மீண்டு வந்து பாடி, 1984-இல் வெளிவந்த பாட்டு இது. இன்னொரு வாய்ப்புக் கொடு என்று காதலியிடம் கெஞ்சுகிற வரிகளை அந்தத் தொண்டை பாடுகிறது. மகனிடம் வாதம் பண்ண வேண்டாம், ஒரு நல்ல ஹெட்போனைக் கொடுத்து முழுப் பாட்டையும் கேட்கச் சொல்லுங்கள். அதற்கப்புறமும் அவனுக்குப் பிடிக்கவில்லை என்றால் விட்டுவிடுங்கள், அவன் வயதுக்கான பாட்டு அவனுக்கு வேறு இருக்கிறது.

நானும் நண்பர்களும் ஹெவி மெட்டல் ரசிகர்கள். பாலட் என்கிற மெதுவான பாட்டே ரேடியோவுக்காகவும் காசுக்காகவும் கம்பெனிகள் போட வைத்தது, உண்மையான ராக் ரசிகன் அதைத் தாண்டிப் போய்விடுவான் என்று நண்பன் சொல்கிறான். சரியா?
பொறியியல் மாணவர், காரைக்குடி

பாதி சரி தம்பி. எண்பதுகளின் பின்பாதியில் அமெரிக்காவில் அது ஒரு சூத்திரமாகவே ஆகிவிட்டது. பத்துப் பாட்டில் ஒன்று மெதுவாக, மேடையில் புகை, ரசிகர்கள் கையில் லைட்டர், கடைசியில் கிதார் சோலோ. எனக்கும் அதில் பல பாடல்கள் பிடிக்காது. ஏரோஸ்மித் குழுவுக்கு அமெரிக்காவில் முதலிடம் கிடைத்த ஒரே பாட்டு 1998-இல் ஒரு சினிமாவுக்காகப் பாடிய பாலட், அதை எழுதியது குழுவில் யாரும் இல்லை, டயான் வாரன் என்ற பாடலாசிரியர். நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் 1973-லேயே அதே குழு சொந்தமாகப் போட்ட ‘டிரீம் ஆன்’ பாட்டில் இருக்கும் தவிப்பு அதில் இல்லை.

இப்போது மறுபாதி. உங்கள் நண்பர் கும்பிடுகிற பிளாக் சாபத்தை எடுத்துக்கொள்வோம். 1972-இல் அவர்கள் போட்ட ‘சேஞ்சஸ்’ பாட்டில் கிதாரும் இல்லை, டிரம்ஸும் இல்லை. மெட்டலுக்கே அஸ்திவாரம் போட்ட கிதார்காரர் டோனி அயோமி, அவர்கள் தங்கியிருந்த வீட்டில் கிடந்த பியானோவில் தானாகவே பழகி வாசித்தது அது. டிரம்ஸ்காரர் பில் வார்டின் குடும்பம் அப்போது உடைந்துகொண்டிருந்தது, வரிகள் அதைப் பற்றித்தான். எந்தக் கம்பெனி கேட்டு அதைச் செய்தார்கள்? 2025 ஜூலை 5-ஆம் தேதி பர்மிங்ஹாமில், தான் வளர்ந்த பகுதியிலேயே, அதே குழுவின் பாடகர் ஆஸி ஆஸ்பர்ன் நிற்க முடியாமல் நாற்காலியில் உட்கார்ந்தபடி கடைசியாகப் பாடினாரே, அன்றைக்கு அந்த மைதானத்தை அழவைத்ததும் ஒரு மெதுவான பாட்டுதான், 1991-இல் வந்த ‘மாமா, ஐம் கமிங் ஹோம்’. பதினேழு நாள் கழித்து அவர் போய்விட்டார். அந்தக் காணொளியைப் பார்த்துவிட்டு, இதைத் தாண்டிப் போக முடிகிறதா என்று நண்பரிடம் கேளுங்கள்.

கிஸ் குழுவின் ‘பெத்’தும் இருக்கிறது. முகத்தில் சாயம் பூசிக்கொண்டு, வாயில் நெருப்பு ஊதி மேடையை அதிரவைத்தவர்கள். 1976-இல் ஒரு ரெக்கார்டின் பின்பக்கத்தில் போட்ட பாட்டு அது. பாடியவர் டிரம்ஸ்காரர் பீட்டர் கிரிஸ், பக்கத்தில் பியானோவும் ஆர்க்கெஸ்ட்ராவும் மட்டும். ஒத்திகை முடியவில்லை, வீட்டுக்கு இப்போது வர முடியாது என்று ஒருவன் மனைவியிடம் சொல்கிறான், அவ்வளவுதான் விஷயம். ரேடியோக்காரர்கள் முன்பக்கத்தை விட்டுவிட்டு இதைப் போட ஆரம்பித்தார்கள், அமெரிக்காவில் அந்தக் குழுவின் எந்தப் பாட்டும் இதைவிட மேலே ஏறவில்லை. கம்பெனி திட்டம் போட்டிருந்தால் பின்பக்கத்திலா வைத்திருக்கும்?

மெதுவான பாட்டு எல்லாம் நல்ல பாட்டு என்று சொல்ல வரவில்லை. சத்தத்துக்குப் பின்னால் ஒளிந்துகொள்ள வழி இருந்தும் வெளியே வந்து நின்று பாடுகிறார்களே, அந்தத் துணிச்சலை நான் மதிக்கிறேன். பலவீனமான பாட்டு எழுதினால் இங்கே உடனே தெரிந்துவிடும்.

கன்ஸ் அண்ட் ரோசஸ் குழுவின் ‘நவம்பர் ரெயின்’ பாட்டுக்கு ஒன்பது நிமிடம் தேவையா?
வாசகர், புதுவயல்

தேவை. 1991-இல் வந்த அந்தப் பாட்டு பெரும்பாலும் அந்தர காந்தாரத்தில், அதாவது மேஜரில் போகிறது. முடிந்துவிட்டது என்று நீங்கள் நினைக்கிற இடத்தில் சாதாரண காந்தாரத்துக்கு மாறி மறுபடி எழுகிறது. முதல் ஏழு நிமிடம் கேட்காமல் அந்த இடத்துக்கு நேராகப் போனால் ஒன்றும் நடக்காது.

‘விண்ட் ஆஃப் சேஞ்ச்’ பெர்லின் சுவர் இடிந்ததைப் பற்றிய பாட்டுதானே?
ஆசிரியை, கோட்டையூர்

அப்படித்தான் பலரும் நினைக்கிறார்கள், ஆனால் ஆரம்பம் மாஸ்கோ. 1989 ஆகஸ்டில் அங்கே நடந்த இசை விழாவில் ஸ்கார்பியன்ஸ் வாசித்தார்கள், அங்கே கண்ட மாற்றத்தை வைத்து மைனே எழுதினார். முதல் வரியிலேயே மாஸ்க்வா நதியும் கார்க்கி பூங்காவும் வருகின்றன. சுவர் விழுந்தது அந்த நவம்பரில். பாட்டு 1990 ஆல்பத்தில் வந்தபோது ஜெர்மானியர்களுக்கு அது தங்கள் கதையாகவே ஆகிவிட்டது. உக்ரைன் போர் தொடங்கிய பிறகு மைனே மேடையில் அந்த முதல் வரிகளை மாற்றிப் பாடுகிறார். அது சரியான முடிவு என்றே நினைக்கிறேன், பழைய நினைவுக்காக ஒரு பொய்யைத் தொடர்ந்து பாட முடியாது.

என் பேத்தி காரைக்குடியில் வீணை படிக்கிறாள். இப்போது கிதாரும் வேண்டும், அதுவும் சத்தப் பாட்டுத்தான் வேண்டும் என்று நிற்கிறாள். கை கெட்டுப்போகுமா? எதில் ஆரம்பிக்கச் சொல்லலாம்?
ஆச்சி ஒருவர், பள்ளத்தூர்

கை ஒன்றும் கெடாது ஆச்சி. காரைக்குடி சகோதரர்கள் வீணை வாசித்த ஊர்க் குழந்தை, காது ஏற்கெனவே தயாராக இருக்கும். மெட்டாலிகாவின் ‘நத்திங் எல்ஸ் மேட்டர்ஸ்’ தொடக்கத்தைக் கொடுங்கள், 1991 பாட்டு. இடது கைக்கு வேலையே இல்லை. கட்டைவிரலால் தடித்த ஆறாவது கம்பி, அப்புறம் ஆள்காட்டி விரலால் மூன்றாவது, நடுவிரலால் இரண்டாவது, மோதிர விரலால் முதல் கம்பி, அதே வழியில் திரும்பி இரண்டு, மூன்று. எல்லாம் திறந்த கம்பிகள், திஸ்ர நடையில் மூன்று மூன்றாக நடக்கும். அந்தக் குழுவின் பாடகர் ஜேம்ஸ் ஹெட்ஃபீல்ட் ஒரு கையில் போன் ரிசீவரைப் பிடித்துக் காதலியோடு பேசிக்கொண்டே மறு கையால் சும்மா மீட்டியபோது பிறந்தது அது, அதனால்தான் ஒரு கை மட்டும் போதும். இது நம் குழுவுக்கான பாட்டே இல்லை என்று முதலில் அவர் தனக்காக மட்டும் வைத்திருந்தார்.

பேத்தியிடம் ஒன்று கேளுங்கள், அந்த நான்கு கம்பியும் என்ன சுரம் என்று. ஆறாவதை ஷட்ஜமம் என்று வைத்தால் ச, சாதாரண காந்தாரம், ப, மேல் ச. அவளே கண்டுபிடித்துச் சொல்லட்டும், தேவகோட்டை வாசகருக்கு மேலே நான் எழுதியது அவளுக்கு விரலிலேயே புரிந்துவிடும். நைலான் கம்பி கிதார் வாங்கிக் கொடுங்கள், விரல் நுனி அவ்வளவு வலிக்காது. சத்தப் பாட்டுக்கு ஆறு மாதம் கழித்துப் போகலாம்.

எங்கள் அப்பச்சி ஈப்போவில் இருந்தபோது கொண்டுவந்த கேசட்டுகள் ஒரு பெட்டி நிறைய எங்கள் வளவு வீட்டின் இரண்டாம் கட்டுப் பகுதியில் கிடைத்தன. பலவற்றில் ‘ஸ்லோ ராக்’ என்று கையால் எழுதியிருக்கிறது. சிலவற்றில் வெள்ளையாகப் பூசணம். காப்பாற்ற முடியுமா?
வாசகி, கானாடுகாத்தான்

பெரும்பாலும் முடியும். மலேசியாவில் ஸ்லோ ராக் என்பது தனி வகையாகவே வளர்ந்தது, ஸ்கார்பியன்ஸ் மாதிரிக் குழுக்களைக் கொண்டாடியதோடு நிற்காமல் மலாய்க் குழுக்களும் அந்தப் பாணியில் சொந்தமாகப் பாட்டுப் போட்டன. சர்ச் (Search) என்ற குழுவின் ‘இசபெல்லா’ 1989-இல் அங்கே பெரிய வெற்றி. உங்கள் பெட்டியில் அது இருக்க நல்ல வாய்ப்பு இருக்கிறது. அங்கிருந்து வந்த சாமான்களோடு இந்தப் பாட்டும் நம் வளவுகளுக்கு வந்து சேர்ந்திருப்பது எனக்கு ரொம்ப சந்தோஷமாக இருக்கிறது.

சரி, வேலைக்கு வருவோம். பூசணம் பிடித்ததைத் தனியே எடுத்து வையுங்கள், அதைப் போட்டால் பிளேயரின் ஹெட்டுக்கும் ஒட்டும், அங்கிருந்து மற்ற கேசட்டுக்கும் போகும். மிச்சத்தில் மேல் விளிம்பில் இருக்கும் இரண்டு சின்ன பிளாஸ்டிக் துண்டுகளை உடைத்துவிடுங்கள், தவறி ரெக்கார்ட் பட்டனை அழுத்தினாலும் அழியாது. டேப் தெரிகிற வாய்ப் பக்கம், மெல்லிய தகட்டின் மேல் குட்டியாக ஒரு கம்பளித் துண்டு இருக்கும். பழைய கேசட்டில் பசை காய்ந்து அது விழுந்திருக்கும், பாட்டு போர்வைக்குள் கேட்பது மாதிரி மங்கலாக இருந்தால் காரணம் பெரும்பாலும் அதுதான். வேண்டாத ஒரு கேசட்டிலிருந்து எடுத்து மாற்றிவிடலாம். போடுவதற்கு முன்னால் ஒருமுறை கடைசி வரை ஓட்டித் திரும்பச் சுற்றுங்கள், ஒட்டிக்கொண்ட சுற்றுகள் பிரியும். ஒவ்வொரு கேசட்டுக்கும் பிறகு ஹெட்டை ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடைப்பது அவசியம்.

பிளேயர் இல்லையென்றால் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளில் தேடிப் பாருங்கள். பார்க்க அழகாக இருக்கிறதே என்று வாங்காமல், உள்ளே ரப்பர் பெல்ட் தளர்ந்திருக்கிறதா என்று ஓடவிட்டுக் கேட்டு வாங்குங்கள். பாட்டு ஆடி ஆடி வந்தால் பெல்ட் போய்விட்டது. அப்புறம் ஒரு ஒயரால் கம்ப்யூட்டரின் லைன்-இன்னில் இணைத்து ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருளில் பதிவு செய்து, வேவ் கோப்பாகச் சேமித்து, இரண்டு இடத்தில் வையுங்கள். ‘ஸ்’ என்ற இரைச்சலை நீக்கப் பார்க்காதீர்கள், அதோடு கிதாரின் நுனி ஒலியும் போய்விடும்.

பாட்டு முடிந்ததும் நிறுத்திவிடாமல் டேப் தீரும் வரை ஓடவிடுங்கள். கடல் தாண்டி இருந்தவர்கள் கடிதத்துக்குப் பதிலாகக் கேசட்டில் பேசி அனுப்பியதும் உண்டு, மிச்ச டேப்பில் யார் குரலாவது இருக்கலாம். அதனால் கடையில் வாங்கிய ஸ்கார்பியன்ஸ் எல்லாம் கடைசியில் இருக்கட்டும், அவை இன்றைக்கும் எங்கேயும் கிடைக்கும். அப்பச்சி கையெழுத்து இருக்கிற கேசட்டுகளை முதலில் எடுங்கள்.