வைட்டமின் டி எடுத்துக்கொண்டால் டி.பி. வராமல் தடுக்க முடியுமா? வந்தவர்களுக்குச் சீக்கிரம் குணமாகுமா?

தடுக்காது. சீக்கிரம் குணமாக்கவும் செய்யாது. நீளமாகப் படிக்கப் பொறுமை இல்லாதவர்கள் இதோடு கிளம்பலாம். உடம்பில் வைட்டமின் டி நிஜமாகவே குறைவாக இருந்தால் எலும்புக்காகவும் தசைக்காகவும் அதைச் சரிசெய்துகொள்ள வேண்டியதுதான். அது வேறு கணக்கு.

இந்தக் கேள்வியைப் பொது அறிவுக்காக யாரும் கேட்க மாட்டார்கள். உங்கள் வீட்டில் யாருக்கோ சளிப் பரிசோதனையில் பாசிட்டிவ் வந்திருக்கும். ஆளாளுக்கு ஒன்று சொல்லியிருப்பார்கள். அதில் ஒருவர், அநேகமாக நன்றாகப் படித்தவர், "இம்யூனிட்டி இருந்தா டி.பி. கிட்டயே வராது, முதல்ல விட்டமின் டி பாருங்க" என்றிருப்பார். எனக்கு 2019-ல் அப்படிச் சொன்னவர் என் சித்தப்பா.

நான் டாக்டர் இல்லை, கணக்கு எழுதுகிறவள். டாக்டர் அல்லாதவர்கள் மருத்துவக் கேள்விக்குப் பதில் எழுதலாமா என்று யாராவது கேட்பீர்கள். எழுதலாம். நுரையீரல் டி.பி.க்கு முழு கோர்ஸ் மாத்திரை சாப்பிட்டு முடித்தவள் என்கிற தகுதி எனக்கு இருக்கிறது. இங்கே பதில் எழுதும் பலருக்கு அது இல்லை.

வைட்டமின் டி-க்கும் நோய் எதிர்ப்புக்கும் சம்பந்தமே கிடையாது என்று நான் சொல்ல வரவில்லை. இருக்கிறது. அதனால்தான் இந்தப் பேச்சு அடங்கவே மாட்டேன் என்கிறது. 2006-ல் லாஸ் ஏஞ்சலிஸில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் ராபர்ட் மாட்லின் குழு 'சயின்ஸ்' இதழில் ஒரு ஆய்வை வெளியிட்டது. நுரையீரலுக்குள் போகிற டி.பி. கிருமியை விழுங்குவது மேக்ரோஃபேஜ் என்கிற செல். கிருமி வந்துவிட்டது என்று தெரிந்ததும் அந்த செல், ரத்தத்தில் சுற்றும் வைட்டமின் டி-யை எடுத்து, வேலை செய்யக்கூடிய வடிவத்துக்குத் தானே மாற்றிக்கொள்கிறது. அந்த வடிவம் கேத்தலிசிடின் என்ற சின்னப் புரதத்தைச் சுரக்க வைக்கிறது, அது கிருமியைத் தாக்குகிறது. வைட்டமின் டி குறைவாக இருந்தவர்களின் சீரத்தில், அதாவது ரத்தத்திலிருந்து பிரித்த தெளிந்த நீரில், வைத்த செல்களில் இந்தச் சுரப்பும் குறைவு. வைட்டமினைச் சேர்த்துக் கொடுத்ததும் ஏறியது. அருமையான ஆராய்ச்சிதான். ஆனால் நடந்தது பரிசோதனைக் கூடத்தில், தட்டில் வளர்த்த செல்லில். இருமிக்கொண்டு கட்டிலில் கிடக்கிற மனுஷியிடம் அல்ல.

மனிதர்களிடமும் செய்து பார்த்துவிட்டார்கள், அதுவும் நம் பக்கத்திலேயே. வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையும் சேர்ந்து நடத்திய ஆய்வில், டி.பி. மருந்து சாப்பிடுகிற 247 பேரில் பாதிப் பேருக்கு மருந்தோடு சேர்த்து ஒவ்வொன்றும் ஒரு லட்சம் யூனிட் என்று நாலு தடவை வைட்டமின் டி கொடுத்தார்கள், மீதிப் பேருக்கு வெறும் போலி மருந்து. சளியில் கிருமி மறைய ஆன காலத்தில் வித்தியாசம் எதுவும் இல்லை. 2015-ல் வந்த முடிவு இது. "டி.பி. வந்தபிறகு கொடுத்தால் எப்படி? முன்னாடியே கொடுக்கணும்" என்பீர்கள். அதையும் பார்த்தார்கள். மங்கோலியாவின் உலான்பாட்டரில் பனிக்காலம் முழுக்க வெயிலே காணாத பள்ளிக்கூடப் பிள்ளைகள் 8,851 பேர். பாதிப் பேருக்கு வாரம் 14,000 யூனிட், மூன்று வருஷம். பிள்ளைகளின் ரத்தத்தில் வைட்டமின் டி ஜோராக ஏறியது. டி.பி. தொற்று மட்டும் குறையவில்லை. 2020-ல் வெளியானது.

சளி, ஜுரம் மாதிரி சாதாரணத் தொற்றுகளுக்குக் கொஞ்சம் நம்பிக்கை இருந்தது, மறைக்க மாட்டேன். 25 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த 2017-ம் வருஷத்துக் கணக்கில், ரொம்பவும் குறைவாக இருந்தவர்களுக்கு, தினமோ வாரமோ சின்ன அளவில் கொடுத்தபோது பலன் தெரிந்தது. ஒரேயடியாகப் பெரிய டோஸ் கொடுத்தால் அந்தப் பலன் இல்லை. இதைக் கவனியுங்கள், பின்னால் வருகிறது. அப்புறம் ஆய்வுகள் கூடக்கூட அந்தப் பலனும் தேய்ந்துகொண்டே வந்தது. கொரோனா காலத்தில் நார்வேயில் 34,000-க்கும் மேற்பட்டவர்களை வைத்து வைட்டமின் டி உள்ள காட் மீன் ஈரல் எண்ணெயைச் சோதித்தார்கள். பலன் இல்லை.

சரி, என் கதைக்கு வருகிறேன்.

இருமல், சாயங்காலமானால் ஜுரம், தொளதொளவென்று ஆகிப்போன ரவிக்கை. எக்ஸ்ரே எடுத்து, சளி கொடுத்து, ஆரம்ப சுகாதார நிலையத்தில் மாத்திரை தொடங்கினார்கள். என் எடைக்குத் தினம் மூன்று. பட்டையைப் பிதுக்கினால் மாத்திரை இருந்த இடத்தில் ஒரு போன் நம்பர் தெரியும். அதைக் கூப்பிட்டால் காசில்லாமல் மணி அடித்து நின்றுவிடும், இன்றைக்குச் சாப்பிட்டாயிற்று என்று அங்கே பதிவாகிவிடும். முதல் நாளே சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போகும், அதில் பயப்பட ஒன்றுமில்லை என்று நர்ஸ் அக்கா முன்கூட்டியே சொல்லியிருந்ததால் பிழைத்தேன்.

சித்தப்பாவுக்கு இது போதவில்லை. இலவசமாகக் கொடுக்கிற மாத்திரையில் என்ன இருக்கும் என்பது அவர் கட்சி. "பாப்பா, அது கிருமியைத்தான் கொல்லும். உன் உடம்புல தெம்பு வேணாமா?" என்று எங்கள் பகுதியில் ஒரு தனியார் கிளினிக்குக்குக் கூட்டிப்போனார். பெயர் வேண்டாம். அங்கே இம்யூனிட்டி பேக்கேஜ் என்று ஒன்று இருந்தது. ரத்தம் எடுத்தார்கள், வைட்டமின் டி 11 என்று வந்தது. 20-க்குக் கீழே என்றால் குறைவுதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் டி.பி. மருந்துகளில் ஒன்றான ரிஃபாம்பிசின் சாப்பிடுகிறவர்களுக்குக் கல்லீரல் வைட்டமின் டி-யை வேகமாகச் சிதைத்துவிடும் என்பதையும், பெரிய தொற்று இருக்கும்போதே அந்த அளவு இறங்கித்தான் தெரியும் என்பதையும் யாரும் சொல்லவில்லை. டி.பி. மருந்து சாப்பிடுகிறேன் என்று சொன்னதைக் காதில் வாங்கிக்கொண்டே, இடுப்பில் ஆறு லட்சம் யூனிட் ஊசி ஒன்று போட்டார்கள். அது போக வாராவாரம் பாலில் கலந்து குடிக்க 60,000 யூனிட் பொடி பாக்கெட், தினமும் கால்சியம் மாத்திரை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஒரு பெரிய ஆளுக்கு ஒரு நாளைக்குச் சொல்கிற அளவு 600 யூனிட். நான் கணக்கு எழுதுகிறவள் என்று சொன்னேன் இல்லையா, வகுத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.

சில வாரத்தில் தாகம். சாதாரணத் தாகம் இல்லை, ராத்திரி தலைமாட்டில் வைத்த சொம்பைக் காலி செய்துவிட்டு எழுந்துபோய்க் குடத்திலிருந்து மொண்டு குடிக்கிற தாகம். அப்புறம் நொடிக்கொரு தடவை பாத்ரூம். மலச்சிக்கல். எதைச் சாப்பிட்டாலும் குமட்டல். வீட்டில் எல்லோரும் ஒரே குரலில் டி.பி. மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை என்றார்கள். கிளினிக்கில் "டி.பி. மாத்திரையைக் கொஞ்ச நாள் நிறுத்திப் பார்க்கலாமா" என்றார்கள். பாதியில் விட்டால் கிருமி மருந்துக்கு அடங்காததாக மாறலாம் என்பது அந்த மருந்து சாப்பிடுகிற எல்லோருக்கும் தெரியும். நான் நிறுத்தவில்லை. இதைப் பெருமையாகவே சொல்கிறேன்.

காசநோய்ப் பிரிவில் போய் உட்கார்ந்தேன். அந்த டாக்டர் அம்மா கண்ணைப் பார்த்தார், கல்லீரல் டெஸ்ட் எழுதினார், சரியாகத்தான் இருந்தது. பிறகு கேட்டார்: "நாங்க குடுக்கிறது போக வேற என்னம்மா சாப்பிடறீங்க?" பையைத் திறந்து மேஜையில் கொட்டினேன். பொடி பாக்கெட்டைத் திருப்பிப் பார்த்துவிட்டு, பேனாவை எடுத்துச் சீட்டில் கால்சியம் என்று மட்டும் எழுதினார். 12.6 வந்தது. 10.5 தாண்டினாலே அதிகம்.

அவர் விளக்கியது இதுதான். மேலே சொன்ன அதே மேக்ரோஃபேஜ் செல்கள் டி.பி. நோயாளியின் நுரையீரலில் கட்டிகட்டியாகத் திரண்டிருக்கும். வைட்டமின் டி-யை வீரிய வடிவத்துக்கு மாற்றுகிற வேலையைச் சிறுநீரகம் செய்யும்போது ஒரு கட்டுப்பாடு உண்டு, போதும் என்றால் நிறுத்திக்கொள்ளும். இந்தச் செல்களுக்கு அந்தக் கட்டுப்பாடு கிடையாது. கொட்டக் கொட்ட மாற்றிக்கொண்டே இருக்கும், குடல் கால்சியத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். அதனால் மற்றவர்களுக்குத் தாங்குகிற டோஸ்கூட டி.பி. உள்ள சிலருக்குத் தாங்காது. எதைக் காட்டி இம்யூனிட்டி என்று விற்கிறார்களோ, அதே விஷயம்தான் என்னைப் படுக்க வைத்தது. அப்படியே விட்டிருந்தால் சிறுநீரகத்தில் கை வைத்திருக்கும் என்றார். பொடியையும் கால்சியத்தையும் நிறுத்தி, சலைன் ஏற்றி, தண்ணீர் குடிக்கச் சொன்னார்கள். வைட்டமின் டி கொழுப்பில் தங்குகிற சரக்கு. இன்றைக்கு நிறுத்தினால் நாளைக்குப் போய்விடாது, மெதுவாகத்தான் இறங்கியது.

டி.பி. நோயாளிகள் யாருமே வைட்டமின் டி தொடக்கூடாது என்று நான் எழுதியதாகத் திரிக்காதீர்கள். வேலூர் ஆய்வில் அத்தனை பேர் சாப்பிட்டிருக்கிறார்கள். என் டாக்டரைக் கேட்காமல், கால்சியம் பார்க்காமல், டி.பி. இருப்பது தெரிந்தும் ஆறு லட்சத்தை ஏற்றியதைத்தான் சொல்கிறேன்.

அப்புறம் வெயில். "வெயில்ல நின்னா டி.பி. கிருமி செத்துரும்" என்பது சித்தப்பாவின் அடுத்த வைத்தியம். இதற்கும் வரலாறு உண்டு. தோலில் வருகிற டி.பி.யை ஒளிச் சிகிச்சையால் ஆற்றியதற்கு நீல்ஸ் ஃபின்சனுக்கு 1903-ல் நோபல் பரிசே கொடுத்தார்கள். வெயில், காற்று, ஓய்வு, நல்ல சாப்பாடு என்றுதான், டி.பி. நோயாளிகளைத் தங்கவைத்துப் பார்க்கும் சானடோரியங்கள் கிளம்பின. எங்கள் லோக்கல் ரயிலில் தாம்பரத்துக்கு முந்தின ஸ்டேஷன் பெயரே அதுதான், 1928-ல் டாக்டர் சௌரி முத்து தொடங்கியது. ஆனால் அந்த நம்பிக்கையை உடைத்ததும் இதே சென்னைதான். 1956-ல் இங்கே தொடங்கிய காசநோய் ஆய்வு மையம், நோயாளிகளை இரண்டு பிரிவாக்கி ஒரு பாதியை சானடோரியத்துக்கும் மறு பாதியைக் குடிசையோ ஒண்டுக்குடித்தனமோ அவரவர் வீட்டுக்கும் அனுப்பி, இரு தரப்புக்கும் ஒரே மருந்தைக் கொடுத்தது. சானடோரியத்தில் இருந்தவர்கள் நன்றாகச் சாப்பிட்டு எடைகூடப் போட்டார்கள். கிருமி ஒழிந்ததில் இரு தரப்புக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. 1959-ல் வந்த அந்த முடிவுக்குப் பிறகுதான் உலகம் முழுக்க டி.பி.க்கு வீட்டிலேயே மருந்து என்று ஆனது.

இன்னொன்று, சித்தப்பா நிற்கச் சொன்ன காலை ஏழு மணி வெயிலில் தோலில் வைட்டமின் டி அவ்வளவாகத் தயாராகாது. நிழல் நம் உயரத்தைவிடக் குட்டையாக விழுகிற நேரம் வேண்டும். கண்ணாடி ஜன்னல் வழியாக வருகிற வெயிலும் உதவாது. சரி, நடுப்பகலில் நிற்கலாம் என்றால் எங்கே நிற்பது? எங்கள் குடியிருப்பில் மொட்டை மாடிச் சாவி செயலாளரிடம். தண்ணீர்த் தொட்டி வால்வை யாரோ திருகிவிட்டார்களாம், அதிலிருந்து பூட்டு. பத்திரத்தில் பொதுப் பகுதி என்று கொட்டை எழுத்தில் இருக்கிறது, மாதம் தவறாமல் பராமரிப்புப் பணம் வாங்குகிறார்கள், கேட்டால் "மீட்டிங்ல பேசலாம் மேடம்". அவர் வீட்டு வடகம் மட்டும் பங்குனி, சித்திரை முழுக்க மாடியில் காய்கிறது. எனக்கு டி.பி. வந்ததற்கு முன்பும் இதே கதை, பின்பும் இதே கதை, ஆகவே அதை இதோடு முடிச்சுப் போட மாட்டேன். ஆனால் வடகத்துக்கு உள்ள உரிமை எனக்கு இல்லையா?

விடுங்கள். நீங்கள் கேட்டது தடுக்க முடியுமா என்று. முடியும், வேறு வழியில். ஜார்க்கண்டில் டி.பி. நோயாளிகளின் வீட்டாருக்கு மாதாமாதம் அரிசியும் பருப்பும் சத்து மாத்திரையும் கொடுத்துப் பார்த்தார்கள். பத்தாயிரத்துக்கு மேற்பட்டவர்கள் பங்கெடுத்த ஆய்வு அது, 2023-ல் முடிவு வந்தது. அந்த வீடுகளில் புதிதாக டி.பி. வருவது ஏறக்குறைய 40 சதவீதம் குறைந்தது. சத்து மாத்திரையில் வைட்டமின் டி இருந்திருக்குமே என்று மடக்காதீர்கள், அந்தத் துளியை மட்டும் தனியாகக் கொடுத்தால் என்ன ஆகும் என்பதை மங்கோலியாக் கதையில் பார்த்தோம். சானடோரியத்துச் சாப்பாட்டால் பலனில்லை என்றாயே என்றும் கேட்பீர்கள். வந்த நோயைக் குணமாக்குவது மருந்து. மெலிந்து கிடப்பவர் பிழைத்து எழுவதற்கும், கூட இருப்பவருக்கு வராமல் இருப்பதற்கும் சாப்பாடு.

அது போக, கூட இருப்பவர்களுக்கென்றே தடுப்பு மருந்து உண்டு. அரசு மையத்தில் காசில்லாமல் கொடுக்கிறார்கள். முதலில் அவர்களுக்கு டி.பி. இல்லை என்று பார்த்துக்கொண்டுதான் தொடங்குவார்கள். எங்கள் வீட்டில் சித்தப்பாதான் அதற்கு வரமாட்டேன் என்று அடம் பிடித்தார். உங்கள் வீட்டில் யார் அடம் பிடித்தாலும் இழுத்துக்கொண்டு போங்கள். ஐந்து வயதுக்குள் குழந்தை இருந்தால் முதலில் அதைத் தூக்கிக்கொண்டு போங்கள், இந்த வாரமே.