வாசகர் கேள்வி பதில்: அந்தச் சிற்றுயிர் புதியது என்று யார் சொல்வது?

தென்னமெரிக்கக் கரைக்கு அப்பால், அட்டகாமா அகழியில், 7,902 மீற்றர் ஆழத்தில் பிடிபட்ட ஒரு சிறிய வேட்டை உயிர் 2024 ஆம் ஆண்டில் ‘டல்சிபெல்லா கமஞ்சாக்கா’ என்ற பெயருடன் புதிய இனமாக விவரிக்கப்பட்டதைச் சென்ற இதழில் சில வரிகளில் குறிப்பிட்டிருந்தேன். நான்கு சென்ரிமீற்றரை எட்டாத அந்த உயிர், திருகோணமலை வாசகர்களிடமிருந்து இவ்வளவு கடிதங்களைக் கொண்டுவரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. ஆகவே இம்முறை ஏனைய கேள்விகளை ஒதுக்கிவைத்து, இதற்கு மட்டுமே இடம் தருகிறேன்.

கேள்வி (உப்புவெளியிலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர்): கடலில் உள்ள அத்தனை உயிர்களையும் பார்த்து முடித்தவர் எவருமில்லை. அவ்வாறிருக்க, கையில் அகப்பட்ட ஒன்றை இதுவரை எவரும் காணாதது என்று எப்படித் துணிந்து சொல்கிறார்கள்?

பதில்: ஐயா, உங்கள் ஐயம் நியாயமானது, ஆனால் கேள்வியில் ஒரு சொல்லை மாற்றிக்கொள்ள அனுமதி வேண்டும். ‘எவரும் காணாதது’ என்று பொறுப்புள்ள விலங்கியலாளர் எழுதுவதில்லை. ‘எவரும் விவரித்து வெளியிடாதது’ என்பதே அவருடைய கூற்று. வலைக்காரர் ஒருவர் ஆண்டுக்கணக்காகக் கண்டு, தமக்குள் ஒரு பெயரும் வைத்து அழைத்துவந்த உயிராகக்கூட அது இருக்கலாம். ஆயினும் 1758 ஆம் ஆண்டு தொடக்கம் இன்றுவரை வெளிவந்த விலங்கியல் எழுத்துகளுள் அதற்குரிய விவரணம் இல்லையென்றால், அந்தக் கணக்கில் அது பெயரற்ற உயிரே. 1758 என்பது சுவீடன் நாட்டு லின்னேயஸ் தமது வகைப்பாட்டு நூலின் பத்தாம் பதிப்பை வெளியிட்ட ஆண்டு. அதற்கு முந்திய விலங்குப் பெயர்களை, விலங்குகளுக்குப் பெயரிடுவதற்கான பன்னாட்டு விதி ஏற்பதில்லை.

ஆகவே வேலையின் பெரும்பகுதி மேசையில்தான் நடக்கிறது. கமஞ்சாக்கா சேர்ந்த கூட்டத்துக்கு அம்பிபொட் என்று பெயர். கரையில் ஒதுங்கிய சாதாழையைக் காலால் புரட்டினால் அரிசி மணியளவில் துள்ளி ஓடும் பூச்சிகளைக் கண்டிருப்பீர்கள், அவையும் அம்பிபொட்டுகளே. இறாலுக்கும் நண்டுக்கும் தூரத்து உறவு. இரு பக்கமும் அமுக்கியது போல ஒடுங்கிய உடலும் வளைந்த முதுகும் கொண்டவை. நம் வீடுகளில் சம்பலுக்கு இடிக்கும் கூனியின் வளைவு நினைவுக்கு வரும், ஆனால் கூனி இறாலின் பக்கத்தைச் சேர்ந்தது என்பதால் அந்த ஒப்புமையை அதற்கு மேல் நீட்டக்கூடாது. தலையில் இரு சோடி உணர்கொம்புகள், வாயைச் சுற்றித் தாடைகளும் தாடைக்கால்களும், நெஞ்சில் ஏழு சோடிக் கால்கள், அவற்றுள் முதல் இரண்டு சோடி பற்றிப்பிடிப்பதற்கு. வயிற்றுப் பகுதியில் மூன்று சோடி நீந்துகால்கள், மூன்று சோடி வாற்கால்கள், கடைசியில் சிறிய வால்மடல் ஒன்று. இதுவரை பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட அம்பிபொட் இனங்கள் பெயர்பெற்றுள்ளன. அவற்றுள் பெரும்பாலானவற்றுக்கு இந்த ஒரே அமைப்புத்தான். வேறுபாடு இருப்பது பற்றிப்பிடிக்கும் இரண்டாம் சோடிக் காலின் உள்ளங்கை போன்ற பகுதி நேராக வெட்டியதா, சரிந்து செல்வதா, வால்மடல் எவ்வளவு தூரம் பிளந்திருக்கிறது, தாடையின் ஓரத்தில் எத்தனை முட்கள் என்பன போன்ற இடங்களில்.

இப்பொழுது ஐந்து மில்லிமீற்றர் நீளமான உயிர் ஒன்றை எண்ணிக்கொள்ளுங்கள். நுணுக்குக்காட்டியின் கீழ் அதனை வைத்து, மிக நுண்ணிய ஊசியால் ஒவ்வொரு காலையும் ஒவ்வொரு தாடையையும் உடையாமல் கழற்றி, கிளிசரின் துளியிட்ட கண்ணாடித் தகட்டில் வரிசையாகக் கிடத்த வேண்டும். பிறகு ஒவ்வொன்றையும் வரைய வேண்டும். ஒளிப்படம் இருக்க வரைபடம் எதற்கு என்று கேட்கத் தோன்றும். ஒளிப்படம் ஒரு தளத்தை மட்டும் தெளிவாகக் காட்டி, அதற்கு மேலும் கீழும் உள்ளவற்றை மங்கலாக்கிவிடும். வரைபவரோ குவியத்தை மேலும் கீழும் நகர்த்தி, எல்லா மயிர்களையும் முட்களையும் ஒரே படத்துக்குள் கொண்டுவந்துவிடுகிறார். நுணுக்குக்காட்டியில் பொருத்திய ஒரு கண்ணாடி அமைப்பு, காணும் உருவையும் வரையும் பென்சில் முனையையும் ஒன்றன்மேல் ஒன்றாகக் காட்டுவதால் அளவு பிசகாது. இந்த வேலையில் கைதேர்ந்தவர்கள் உலகெங்கும் குறைவு. புதிய இனங்கள் போத்தல்களில் காத்துக் கிடப்பதற்குக் கடலின் ஆழத்தைக் காட்டிலும் இதுவே பெரிய காரணம் என்பது என் எண்ணம். ஓர் உயிர் சேகரிக்கப்பட்ட நாளிலிருந்து புதிய இனமாக வெளியிடப்படும் நாள்வரை சராசரியாக ஏறத்தாழ 21 ஆண்டுகள் கழிகின்றன என்று 2012 ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வு கணக்கிட்டது.

வரைந்த பின்னரே ஒப்பிடுதல் வருகிறது. ஆணும் பெண்ணும் உருவில் வேறுபடலாம். குஞ்சுகள் முதிர்ந்தவற்றைப் போலத் தோன்றாமலிருக்கலாம். இதைக் கவனியாமல் ஒரே இனத்தின் ஆணுக்கு ஒரு பெயரும் பெண்ணுக்கு இன்னொரு பெயரும் சூட்டி, பிற்காலத்தவர் அதனைத் திருத்த நேர்ந்த கதைகள் இத்துறையில் நிறைய உண்டு. நெருங்கிய உறவான இனங்களின் விவரணங்களை, அவை நூறு ஆண்டுகளுக்கு முன் ஜேர்மன் மொழியிலோ ரஷ்ய மொழியிலோ எழுதப்பட்டிருந்தாலும், தேடிப் படிக்க வேண்டும். அவை சில வேளைகளில் ஒரே பத்தியில் முடிந்துவிடுவதால், அந்த ஆசிரியர் கையில் வைத்திருந்த அதே உடலை அருங்காட்சியகத்திலிருந்து வரவழைத்துப் பார்ப்பதைத் தவிர வேறு வழியிருக்காது.

அந்த உடலுக்கு வகைமாதிரி என்று பெயர். புதிய இனத்தை விவரிப்பவர் ஒரே ஓர் உடலைச் சுட்டி, ‘இந்தப் பெயர் இதற்குரியது’ என்று அறிவித்து, அதனைப் பொது அருங்காட்சியகம் ஒன்றில் ஒப்படைக்கிறார். எழுத்தில் பிழை இருக்கலாம், வரைபடத்தில் ஒரு முள் விடுபட்டிருக்கலாம். ஐயம் எழும்போது எவரும் சென்று பார்த்துக்கொள்ள அந்த உடல் அங்கே இருக்கும். உங்கள் கேள்விக்கான நேர்ப்பதில் இதுதான், ஐயா: அவர் துணிந்து சொல்வது மற்றவர் சரிபார்த்து மறுக்கக்கூடிய வகையில்தான்.

இன்று மரபணுவும் துணைக்கு வந்திருக்கிறது. ஏறத்தாழ 650 எழுத்துகள் நீளமுள்ள ஒரு துண்டு டிஎன்ஏயை உறவினங்களின் அதே துண்டுடன் ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். இதனால் வந்த குழப்பமும் சிறிதல்ல. 1822 ஆம் ஆண்டிலேயே பெயர்பெற்ற ‘யூரிதெனஸ் கிறில்லஸ்’ என்னும் ஆழ்கடல் அம்பிபொட் உலகப் பெருங்கடல்கள் அனைத்திலும் வாழும் ஒரே இனம் என்று நெடுங்காலம் நம்பப்பட்டது. 2013 ஆம் ஆண்டில் மரபணுவைப் பார்த்தபோது அந்த ஒரு பெயருக்குள் குறைந்தது ஒன்பது இனங்கள் ஒளிந்திருக்கக்கூடும் என்று தெரியவந்தது.

கேள்வி (மூதூர் மாணவி ஒருவர்): புதிய இனத்துக்குப் பெயர் வைக்கும் உரிமை யாருக்கு உண்டு? தமிழ்ச் சொல்லை வைக்கலாமா? கண்டுபிடித்தவர் தம் பெயரையே வைத்துக்கொள்ளலாமா?

பதில்: மகளே, விவரணத்தை எழுதி வெளியிடுபவருக்கே அந்த உரிமை, கடலிலிருந்து எடுத்துவந்தவருக்கு அல்ல. பெயரின் இரு சொற்களில் முதலாவது, நெருங்கிய இனங்களின் கூட்டமான சாதியைக் குறிக்கும், இரண்டாவது இனத்தைக் குறிக்கும். கமஞ்சாக்காவைப் பொறுத்தவரை சாதியும் புதிது. பெயரை இலத்தீன் எழுத்துகளில் எழுத வேண்டும் என்பது விதி. சொல் எந்த மொழியிலிருந்தும் வரலாம், தமிழுக்குத் தடையேதுமில்லை. ‘கமஞ்சாக்கா’ அந்தீஸ் மலைப்பகுதி மக்களின் மொழிகளிலிருந்து இருள் என்ற பொருளில் எடுக்கப்பட்டது. யாவாத் தீவின் தெற்கே, நமது இந்து சமுத்திரத்திலேயே பிடிபட்டு 2020 ஆம் ஆண்டில் விவரிக்கப்பட்ட ஓர் உயிருக்கு ‘பத்தினோமஸ் ராக்சாசா’ என்று பெயர். அது சிற்றுயிர் அன்று, ஓர் அடிக்கும் மேல் வளர்வது. இந்தோனேசியர் ‘ராக்சாசா’ என்று சொல்வதும் நாம் ‘ராட்சதன்’ என்று சொல்வதும் ஒரே வேரிலிருந்து கிளைத்தவை என்பதை உங்களுக்கு விளக்கத் தேவையில்லை. அதே ஆண்டில், மரியானா அகழியில் 6,000 மீற்றருக்குக் கீழே பிடிபட்ட ஓர் அம்பிபொட்டின் குடலில் பிளாஸ்திக் இழை காணப்பட்டதால் அதற்கு ‘யூரிதெனஸ் பிளாஸ்டிக்கஸ்’ என்று பெயரிட்டார்கள்.

ஊர்ப்பெயரை வைப்பதானால் ‘என்சிஸ்’ என்ற ஈறு சேர்ப்பது வழக்கம். ஒருவரைச் சிறப்பிப்பதானால் ஆணுக்கு ஓர் ஈறும் பெண்ணுக்கு இன்னோர் ஈறும் உண்டு. தன் பெயரைத் தானே சூட்டிக்கொள்வதை விதி தடுக்கவில்லை. ஆனால் அவ்வாறு செய்பவரைத் துறையினர் நெடுநாள் மறக்கமாட்டார்கள், நல்ல விதமாக அல்ல. ஒரே இனத்துக்கு இருவர் பெயரிட்டிருந்தால் முந்தியது நிலைக்கும்.

கேள்வி (சீனன்குடா): அவ்வளவு ஆழத்தில் இருந்து மேலே வரும்போது அழுத்தம் குறைந்து வெடித்துவிடாதா?

பதில்: வெடிக்காது. உள்ளே காற்று நிறைந்த பை இருந்தால்தான் அந்த ஆபத்து; காற்றுப்பை கொண்ட மீன்கள் வயிறு பிதுங்கி மேலே வருவதைப் படகுக்காரர் அறிவார்கள். பத்து மீற்றருக்கு ஒரு வளிமண்டலம் என்ற கணக்கில் 3,000 மீற்றரில் 300 வளிமண்டல அழுத்தம் இருந்தாலும், இச்சிற்றுயிர்களின் உடலில் திரவமே நிறைந்திருப்பதால் தாங்கிக்கொள்கின்றன. அவற்றைப் பெரிதும் வருத்துவது வெப்பம். இரண்டு பாகை செல்சியஸ் அளவிலான குளிர்நீரிலிருந்து 28 பாகை மேல்நீருக்கு வந்ததும் உடல் சீர்கெடத் தொடங்கிவிடும். அதனால்தான் கப்பலில் பனிக்கட்டியுடன் காத்திருப்பார்கள்.

கேள்வி (திருகோணமலை நகர வாசகர்): நமது கடலில் இப்படி எவராவது தேடியிருக்கிறார்களா?

பதில்: தேடியிருக்கிறார்கள், ஆனால் பெரிய கண்ணுள்ள வலையால். கொட்டியாரக் குடாவுக்குள்ளேயே தலை வைத்து, மகாவலி கலக்கும் இடத்தருகே தொடங்கி, ஏறத்தாழ 3,000 மீற்றர் ஆழம்வரை இறங்கும் ஒரு கடலடிப் பள்ளத்தாக்கு நமக்கு உண்டு. ஆழ்கடலை அடைய மற்ற நாட்டவர் நாட்கணக்கில் கப்பலோட்ட, நமக்கு அது வாசலில் கிடக்கிறது. பிரித்தானியர் காலத்தில் ‘இன்வெஸ்டிகேற்றர்’ என்ற அளவைக் கப்பல் வங்காள விரிகுடாவிலும் இலங்கையைச் சூழ்ந்த கடலிலும் ஆழத்தில் வலை இழுத்தது. அதில் மருத்துவராகவும் இயற்கையியலாளராகவும் பணியாற்றிய அல்பிரட் அல்கொக், கல்கத்தா அருங்காட்சியகத்திலிருந்த ஆழ்கடல் இறால் வகைகளின் விவரணப் பட்டியலை 1901 ஆம் ஆண்டில் வெளியிட்டார். 1902 ஆம் ஆண்டில் முத்துச்சிப்பி ஆய்வுக்காக இலங்கை வந்த பேராசிரியர் ஹேட்மன் சேகரித்த அம்பிபொட்டுகளை வோக்கர் என்பவர் 1904 ஆம் ஆண்டில் விவரித்தார். அவை ஆழங்குறைந்த நீருக்குரியவை.

இடையில் விடுபட்டவை, ஆழத்திலும் வாழ்ந்து அளவிலும் சிறியவையாக இருப்பவை. அக்கால வலையின் கண் வழியே அவை நழுவிப் போயின. 1960களில் அமெரிக்காவின் ஹெஸ்லரும் சாண்டர்ஸும் கடலடிச் சேற்றின் மேல்தோலை வழித்தெடுக்கும் ஒரு சறுக்குப் பெட்டியை நுண்ணிய வலையுடன் இழுத்தபோதுதான், வெறும் பாலைவனம் என்று எண்ணப்பட்ட ஆழ்கடல் அடித்தளத்தில் எத்தனை வகை உயிர்கள் நெருங்கி வாழ்கின்றன என்று உலகம் அறிந்தது. அம்பிபொட்டும் அதன் உறவினங்களும் முட்டைகளை நீரில் விடாமல் தாயின் நெஞ்சுக்குக் கீழுள்ள பையில் வைத்துக் குஞ்சாக்கியே வெளிவிடுகின்றன. நீரோட்டத்தில் மிதந்து நெடுந்தூரம் செல்லும் இளம்பருவம் அவற்றுக்கு இல்லை. ஒரு பள்ளத்தாக்கில் அகப்பட்ட கூட்டம் அங்கேயே தனித்து மாறிவர இது இடமளிக்கிறது. இதனால்தான் நமது பள்ளத்தாக்கை நுண்வலையால் வழித்தால் பெயரில்லாதவை அகப்படும் என்று நான் எதிர்பார்க்கிறேன்.

கேள்வி (கிண்ணியாவிலிருந்து கடற்றொழிலாளர் ஒருவர்): மீனின் வாய்க்குள் நாக்கு இருக்கவேண்டிய இடத்தில் வெள்ளைப் பூச்சி ஒன்று கால்களால் பற்றிக்கொண்டிருந்தது. கண்ணும் இருக்கிறது. இது புதிய இனமா? வைத்திருந்தால் எவருக்கும் பயன்படுமா?

பதில்: அண்ணே, அது ஐசோபொட் என்னும் கூட்டத்தில் மீன்களில் ஒட்டி வாழும் குடும்பம் ஒன்றைச் சேர்ந்தது என்று உங்கள் விவரத்திலிருந்து கொள்ளலாம். அம்பிபொட்டுக்கு உறவு, இதன் உடலோ பக்கவாட்டில் ஒடுங்காமல் மேலிருந்து அமுக்கியது போலத் தட்டையானது. வாயில் பெரிதாக இருப்பது பெண்; அதே மீனின் செவுளைத் திறந்து பார்த்தால் சிறிய ஆண் ஒன்று அகப்படலாம். இவை முதலில் ஆணாக வளர்ந்து பின்னர் பெண்ணாக மாறுபவை. மனிதருக்கு இவற்றால் தீங்கில்லை. இந்தக் குடும்பத்தில் பெயர்பெற்ற இனங்கள் பல நூறு இருப்பதால், உங்களுடையது ஏற்கெனவே அறியப்பட்டதாக இருப்பதற்கே வாய்ப்பு அதிகம். எனினும் ஆழத்து மீன் ஒன்றில் அகப்பட்டால் எடுத்துவைப்பது வீண்போகாது.

போமலினில் போடவேண்டாம், அது உருவைக் காக்கும், மரபணுவைக் கெடுத்துவிடும். 95 சதவீத எதனோல் சிறந்தது. சாராயம் போதுமா என்று நீங்கள் கேட்பதற்கு முன்பே சொல்லிவிடுகிறேன்: அதில் பாதிக்கும் மேல் தண்ணீர், ஆகவே அதை அதற்குரிய வேலைக்கே விட்டுவிடலாம். எதனோல் கிடைக்காவிட்டால் ஐஸ் பெட்டியில் வைத்து, கரைக்கு வந்ததும் உறையவைத்தால் போதும். பிடித்த நாள், இடம், ஆழம், தூண்டிலா வலையா என்பவற்றைப் பென்சிலால் தடித்த தாளில் எழுதி, அந்தத் தாளைப் போத்தலுக்கு வெளியே ஒட்டாமல் உள்ளேயே போட்டுவிடுங்கள். என் மாணவப் பருவத்தில் ஓர் ஆய்வுகூடத்தின் அலுமாரியில், வெளியே ஒட்டிய லேபல் கழன்று விழுந்த போத்தல்கள் வரிசையாக இருந்தன; உள்ளே இருந்த உயிர்கள் பழுதின்றி இருந்தும், எங்கிருந்து வந்தவை என்று சொல்ல எவருமில்லாததால் அவற்றை ஒருவரும் தொடவில்லை. பேனாவின் மை எதனோலில் கரைந்துவிடும்.

பிறகு நிலாவெளியில், கோணேசபுரியில் உள்ள கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்தில் விசாரித்தால் யாரிடம் கொடுப்பது என்று வழி சொல்வார்கள். பூச்சியைப் பிடுங்கியெடுத்துத் தனியே கொண்டுபோகாமல் அது பற்றியிருக்கும் மீனின் தலையையும் சேர்த்தே கொண்டுபோங்கள். அந்த மீனை நீங்கள் என்ன பெயர் சொல்லி அழைக்கிறீர்களோ அதையும் தாளில் எழுதிவிடுங்கள்.