கேளுங்கள், சொல்கிறோம்: பெரிய ஃபார்மட் கேமரா

கேள்வி: 210 மி.மீ. எஃப் 5.6 லென்ஸின் முன், பின் கண்ணாடிகள் மட்டும் மலிவாகக் கிடைத்தன. கையில் 180 மி.மீ. லென்ஸிலிருந்து கழற்றிய கோப்பால் 1 ஷட்டர் இருக்கிறது. மாட்டலாமா? அதிலுள்ள அபர்ச்சர் எண்களை நம்பலாமா?
(வாசகர், பட்டர்வொர்த்)

பதில்: மாட்டலாம், எண்களை நம்பாதீர்கள். கோப்பால் 1-இன் திரெட் (திருகுப் புரி) முன்பக்கம் 40 மி.மீ., பின்பக்கம் 36, இரண்டுக்கும் புரி இடைவெளி 0.75. கண்ணாடி இந்த அளவுக்கு வந்ததென்றால் விரலாலேயே சுழன்று இறங்கும். இறுகினால் நிறுத்திவிடுங்கள், புரி ஒருமுறை போனால் போனதுதான். பழைய கம்பூர் ஷட்டர்களில் எண் ஒன்றாக இருந்தும் திரெட் வேறாக இருப்பதுண்டு. முன்கண்ணாடிக்கு அடியில் மெல்லிய வளையம் ஏதும் இருந்தால் தூக்கிப்போடாதீர்கள். இரு கண்ணாடிகளுக்கும் நடுவே உள்ள தூரத்தைச் சரிசெய்வது அதுதான். அது தொலைந்தால் முதலில் படத்தின் மூலைகள் மங்கும்.

இனி எண்கள். அபர்ச்சர் எண் (எஃப்) என்பது லென்ஸின் மி.மீ. அளவை, ஒளி நுழையும் திறப்பின் விட்டத்தால் வகுத்தது. 180-இல் 16 என்று காட்டும் திறப்பு 210-இல் ஏறக்குறைய 18.7. கிட்டத்தட்ட அரை ஸ்டாப் வெளிச்சம் குறையும் (ஒரு ஸ்டாப் குறைந்தால் வெளிச்சம் பாதியாகும்). கறுப்பு வெள்ளை நெகட்டிவ் தாங்கிக்கொள்ளும், ஸ்லைடு ஃபிலிம் தாங்காது.

புது அளவுகோலை நீங்களே போடலாம். கடலுக்கு அக்கரையில் தெரியும் பினாங்கு கொம்தார் கோபுரத்தை ஃபோகஸ் செய்து, பெல்லோஸை (கேமராவின் மடிப்புத் துருத்தியை) அப்படியே பூட்டுங்கள். கேமராவை இருட்டறைக்குக் கொண்டுபோய், நடுவில் 1 மி.மீ. ஓட்டை போட்ட கறுப்பு அட்டையை கிரவுண்ட் கிளாஸின் (பின்னால் பிம்பம் விழும் கண்ணாடியின்) சொரசொரப்பான பக்கத்தில் ஒட்டுங்கள். ஷட்டரைத் திறந்து வைத்து, பின்னாலிருந்து டார்ச் அடியுங்கள். லென்ஸின் முன்னால் ஒட்டினாற்போல் டிரேசிங் பேப்பரைப் பிடித்தால் ஓர் ஒளிவட்டம் விழும். அதன் விட்டம் 26.3 மி.மீ. ஆனால் அது எஃப் 8, 18.6 என்றால் 11, 13.1 என்றால் 16, 9.3 என்றால் 22, 6.6 என்றால் 32, 4.6 என்றால் 45. நெம்புகோலை எப்போதும் அகலத்திலிருந்து சிறிசாக நகர்த்தியே குறியிடுங்கள். படமெடுக்கும்போதும் அப்படியே நகர்த்துங்கள், இல்லையேல் உள்ளிருக்கும் தளர்வு ஏமாற்றிவிடும்.

சிலர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அபர்ச்சர் ஓட்டையையே காலிப்பரால் அளக்கிறார்கள். அது தப்பு. முன்கண்ணாடி அந்த ஓட்டையைப் பெரிதாக்கிக் காட்டும். கணக்குக்கு வேண்டியது அந்தப் பெரிதான வட்டம்தான்.

கேள்வி: பழைய லென்ஸில் 4.5, 6.3, 9, 12.5, 18 என்று எண்கள். ஒளி அளக்கும் மீட்டரோ 5.6, 8, 11 என்கிறது. எப்படிப் பொருத்துவது?
(வாசகி, செந்தூல்)

பதில்: 6.3 முதல் மேலே போகும் பழைய எண் ஒவ்வொன்றும், அதற்கு முந்தைய மீட்டர் எண்ணைவிட மூன்றிலொரு ஸ்டாப் இருட்டு. ஐஎஸ்ஓ 100 ஃபிலிமுக்கு மீட்டரில் ஐஎஸ்ஓ 80 வையுங்கள். அது 8 என்றால் லென்ஸில் 9, 11 என்றால் 12.5.

கேள்வி: ஒரு செகண்ட் வைத்தால் ஷட்டர் இரண்டு செகண்ட் இழுக்கிறது. எண்ணெய் விடலாமா?
(வாசகர், பிரிக்பீல்ட்ஸ்)

பதில்: கூடாது. மெதுவான வேகங்களை ஓட்டும் சிறு பற்சக்கரங்களில் பழைய எண்ணெய் பிசினாகியிருக்கும். புதிதாக விடும் எண்ணெய் ஷட்டர் தகடுகளுக்குப் பரவி அவையும் ஒட்டிக்கொள்ளும். பழுது பார்ப்பவரிடம் கொடுத்துக் கழுவச் சொல்லுங்கள். அதுவரை வேகமான எண்கள் சரியாக ஓடினால் அவற்றைப் பயன்படுத்தலாம். ஒரு செகண்ட் வேண்டுமென்றால் டி-யில் (மறுபடி அழுத்தும்வரை ஷட்டர் திறந்தே இருக்கும் நிலை) வைத்து, லென்ஸ் மூடியைக் கையால் எடுத்து மூடுங்கள்.