அந்த எண்ணம் வந்தால் வரட்டும்

கேள்வி: என் மாமியாருக்கு 81 வயது. பக்கவாதத்தில் படுக்கையாகி இரண்டரை வருடம் ஆகிறது. நான்தான் எல்லாம் பார்க்கிறேன். போன மாதம் ஒரு ராத்திரி, மூன்றாவது தடவையாகத் துணி மாற்றும்போது, ‘இவர் போய்ச் சேர்ந்தால் தேவலை’ என்று மனதில் ஓடியது. அன்று முதல் அந்த நினைப்பு விரட்ட விரட்ட வருகிறது. சாமி முன்னால் நிற்கவே கூச்சமாக இருக்கிறது. தியானம் செய்யலாம் என்று கண்ணை மூடினால் அதுதான் முதலில் வந்து நிற்கிறது. நான் கெட்டவளா? மனம் அமைதியாக என்ன வழி? – பெயர் வேண்டாம், திருச்சி.

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

அந்த எண்ணம் வந்த பிறகும் துணியை மாற்றி முடித்தீர்கள், இல்லையா? அத்தையை ஒருக்களித்துப் படுக்க வைத்து, முதுகுக்குத் தலையணை அண்டக் கொடுத்துவிட்டுத்தான் போய்ப் படுத்திருப்பீர்கள். மனதில் ஓடியது ஒன்று, கை செய்தது வேறு. நீங்கள் எப்படிப்பட்டவர் என்று என்னைக் கேட்டால் நான் உங்கள் கையைத்தான் பார்ப்பேன்.

என் அப்பா கடைசியில் பதினான்கு மாதம் படுக்கையில் இருந்தார். படுக்கைப் புண் வராமல் இருக்க இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். ஏர் பெட் மோட்டார் ராத்திரி முழுக்க உறுமிக்கொண்டே இருக்கும். ஒரு நாள் அதைக் கேட்டபடி சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தபோது, உங்களுக்கு வந்த அதே நினைப்பு எனக்கும் வந்தது. பெற்ற அப்பாவைப் பற்றி! யாரிடமும் வாய் திறக்கவில்லை. நோயாளியைப் பார்த்துக்கொள்கிற பலருக்கும் இது வரும் என்று அன்றைக்கு யாராவது ஒருவர் சொல்லியிருந்தால் எத்தனையோ ராத்திரி அழாமல் தூங்கியிருப்பேன். அதனால்தான் உங்களிடம் சொல்கிறேன். தூக்கம் கெட்ட உடம்பின் அலுப்பும், ‘இவர் படுகிற பாடு தீரக் கூடாதா’ என்கிற இரக்கமும் பிரிக்க முடியாமல் கலந்து கிடக்கிற நினைப்பு அது.

சரி, விரட்ட விரட்ட ஏன் வருகிறது? குரங்கை நினைக்காமல் மருந்தைக் குடி என்று வைத்தியர் சொன்ன கதை உங்களுக்குத் தெரியும். 1987-இல் டேனியல் வெக்னர் என்ற அமெரிக்க உளவியலாளர் அதை ஒரு சோதனையாகவே செய்து பார்த்தார். ஐந்து நிமிடம் மனதில் ஓடுவதையெல்லாம் வாய்விட்டுச் சொல்லுங்கள், வெள்ளைக் கரடியை மட்டும் நினைக்காதீர்கள், நினைத்துவிட்டால் மணியை அடியுங்கள் என்றார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. அடுத்த ஐந்து நிமிடம் தாராளமாக நினைக்கலாம் என்று விட்டபோது, முதலிலேயே நினைக்க அனுமதி பெற்றிருந்தவர்களைவிட இவர்களுக்குத்தான் கரடி அதிகம் வந்தது. வந்துவிட்டதா, வந்துவிட்டதா என்று மனம் காவல் காக்கிறது. காவல் காப்பதற்கே அதை நினைத்தாக வேண்டியிருக்கிறது. கண்ணை மூடியதும் உங்களுக்கு நடந்தது இதுதான். தியானம் உங்களுக்கு வராது என்று அதற்கு அர்த்தம் கிடையாது.

பர்மாவில் மகாசி சயாதவ் என்ற பௌத்தத் துறவி ஒரு முறை கற்றுக்கொடுத்தார். மூச்சு விடும்போது வயிறு எழுவதையும் தாழ்வதையும் கவனிப்பது. நடுவில் எண்ணம் வந்தால் ‘நினைப்பு, நினைப்பு’ என்று மனதுக்குள் குறித்துக்கொண்டு மறுபடி வயிற்றுக்கு வருவது. நல்ல நினைப்பு, கெட்ட நினைப்பு என்று பிரிப்பதில்லை. அவ்வளவுதான். இதற்குப் பாயும் தனி அறையும் தேடாதீர்கள். உங்களுக்கு ஏது நேரம்? கஞ்சி காய்ச்சும்போது செய்யலாம், ஈரத்துணியைப் பிழிந்துகொண்டே செய்யலாம். அடுத்த தடவை அது வரும்போது, ‘ஆமாம், அந்த நினைப்பு வந்திருக்கிறது’ என்று மட்டும் சொல்லிக்கொண்டு, கையில் இருக்கிற துணியின் ஈரத்துக்கும் குளிர்ச்சிக்கும் திரும்பி வாருங்கள். வாதாட வேண்டாம், மன்னிப்புக் கேட்கவும் வேண்டாம். பின்னாலேயே ‘நான் கெட்டவள்’ என்று இன்னொன்று வரும். அதைத் தீர்ப்பு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள், அதுவும் ஒரு நினைப்புதான். அதையும் அதே மாதிரி குறித்துக்கொள்ளுங்கள்.

உணர்ச்சிக்கும் இது பொருந்தும். தாடை இறுகுகிறதா, தொண்டை அடைக்கிறதா என்று பார்த்து, ‘கோபம்’, ‘அலுப்பு’, ‘பயம்’ என்று பெயர் சொல்லுங்கள். 2007-இல் கலிஃபோர்னியாவில் மேத்யூ லீபர்மேன் குழுவினர், கோபமும் பயமும் தெரிகிற முகங்களின் படங்களைக் காட்டி மூளையை ஸ்கேன் செய்து பார்த்தார்கள். அந்த உணர்ச்சிக்குப் பெயர் சொன்னபோது, ஆபத்து என்று எச்சரிக்கிற அமிக்டலா பகுதியின் பரபரப்பு குறைந்தது. பெயர் சொன்னதும் அழுகை வந்தால் அழுதுவிடுங்கள்.

ஆனால் இன்றைக்கு நினைப்பு வரவில்லையே, நின்றுவிட்டதோ என்று மட்டும் சோதித்துப் பார்க்காதீர்கள். அப்புறம் மறுபடியும் மணி அடிக்கிற வேலைதான். சில நாள் வந்த வேகத்தில் போகும். சில நாள் சம்பந்தி வீட்டார் மாதிரி உட்கார்ந்துகொள்ளும். இருக்கட்டும், நீங்கள் உங்கள் வேலையைப் பாருங்கள். சாமி முன்னால் போகவும் கூச்சப்பட வேண்டாம். அந்த நினைப்போடேயே போய் நில்லுங்கள்.

தூக்கமே இல்லாமல் வாரக்கணக்கில் போனால், அல்லது அத்தையையோ உங்களையோ ஏதாவது செய்துகொண்டுவிடுவோமோ என்று தோன்றினால், தள்ளிப்போடாமல் 14416-க்குக் கூப்பிடுங்கள். மத்திய அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண் அது. 24 மணி நேரமும் இலவசம், தமிழில் பேசலாம்.

ஒரே ஒரு விஷயம் எனக்கு உறுத்துகிறது. இவ்வளவு எழுதியிருக்கிறீர்கள், உங்கள் கணவரைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. நினைப்பை வரவிட்டுப் பார்ப்பதெல்லாம் சரி, ஆனால் தூங்காத உடம்பை வைத்துக்கொண்டு எத்தனை நாள் பார்ப்பீர்கள்? வாரத்தில் இரண்டு ராத்திரி அவர் முறை என்று இந்த ஞாயிற்றுக்கிழமையே பேசி முடித்துவிடுங்கள். தோளையும் இடுப்பையும் சேர்த்துப் பிடித்து அத்தையை எப்படிப் புரட்டுவது என்று பக்கத்தில் நின்று ஒரு தடவை சொல்லிக்கொடுங்கள். அப்புறம் அந்த இரண்டு ராத்திரியும் வேறு அறையில் கதவைச் சாத்திக்கொண்டு தூங்குங்கள்.