சர்ச்சுக்கு வராத ஆம்பளைங்க, நின்னுபோன பசங்க: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: அண்ணாச்சி, எங்க ஊரு நாசரேத் பக்கம். ஞாயித்துக்கிழமை முதல் மணி அடிக்கும்போதே நானும் அத்தையும் கெளம்பிருவோம். எங்க வீட்டுக்காரங்க மாசத்துக்கு ஒருநாள் வந்தாலே பெருசு, அன்னைக்கும் பிரசங்கம் ஆரம்பிச்சா வெளிய வேப்பமரத்தடிக்கு போயிருவாங்க. மகன் திடப்படுத்தல் (விசுவாசத்த சபை முன்னால உறுதிப்படுத்துற சடங்கு) எடுத்ததோட சரி, இப்ப பெங்களூர்ல வேலை, சர்ச் பக்கமே போறதில்ல. சொல்லிச் சொல்லி சண்டைதான் மிச்சம். ஆம்பளைங்க மட்டும் ஏன் இப்படி?

பதில்: தங்கச்சி, உங்க வீட்ல மட்டும் இல்லம்மா. 2016ல அமெரிக்காவுல இருக்குற பியூ ஆராய்ச்சி மையம் வெளியிட்ட அறிக்கையில 53 நாட்டு கணக்கு இருக்கு, வாரா வாரம் சர்ச்சுக்கு போறோம்னு சொன்ன கிறிஸ்தவப் பொம்பளைங்க 53 சதவீதம், ஆம்பளைங்க 46. அதே அறிக்கையில முஸ்லிம்கள்ட்ட இது அப்படியே தலைகீழ், ஆம்பளைங்கதான் ஜாஸ்தி, ஏன்னா வெள்ளிக்கிழமை ஜும்மா அவங்களுக்கு கடமை. அதனால ஆம்பளைக்கு பொறவியிலேயே பக்தி கம்மின்னு சொன்னா நான் ஒத்துக்கமாட்டேன்.

உங்க ஊர் அசனத்த, அதான் சர்ச்சுல எல்லாருக்கும் போடுற விருந்த, நெனச்சுப் பாருங்க. முந்தின ராத்திரி முழுக்க காய் வெட்ட, அண்டா தூக்க, மறுநாள் பந்தி பரிமாற யாரு நிக்கிறா? மரத்தடியில நிக்கிற அதே ஆம்பளைங்கதான், வெளியூர் பசங்க லீவு போட்டுட்டு வந்து வேர்க்க வேர்க்க நிக்கிறாங்க. அடுத்த ஞாயிறு அவங்களுக்கு நாம என்ன வச்சிருக்கோம்? உக்காந்து கேக்கணும், காணிக்கை போடணும், அவ்வளவுதான். உங்களுக்கு பெண்கள் ஐக்கிய சங்கம் இருக்கு, வீட்டு ஜெபக்கூட்டம் இருக்கு, பிள்ளைக்கு காய்ச்சல்னா நாலு பேர் வந்து கையப் புடிச்சு ஜெபிப்பாங்க. கடன், வேலை போனது, குடிய விட முடியாதது, இதெல்லாம் அவன் எங்க போய் சொல்லுவான்? ஆம்பளைக்குன்னு தெறந்து கெடக்குறது சர்ச் கமிட்டி தேர்தல் ஒண்ணுதான், அதுலயும் ரெண்டு அணி, பகை, கோர்ட் கேசுன்னு போனா நல்ல மனுஷன் ஒதுங்கிருதான், எனக்கு மனசு ரொம்ப வலிக்கிறது இதுலதான்.

ஒரு மாசம் சர்ச்சுக்கு கூப்பிடுறத நிறுத்துங்க. உங்க ஐயர்ட்ட, அதான் சபை போதகர்ட்ட, தனியா பேசி, உங்க வீட்டுக்காரங்க கைக்குத் தெரிஞ்ச ஒரு வேலைய ஐயரே கேக்க சொல்லுங்க, ஒயரிங்கோ, தனியா இருக்குற ஒரு பாட்டி வீட்டு ஓட்ட மாத்துறதோ, கூட ரெண்டு ஆம்பளைங்களையும் சேத்து. மகன்ட்ட போன்ல "சர்ச்சுக்கு போனியா"ன்னு ஆரம்பிக்காதீங்க, ரூம்ல யாரு இருக்கா, ராத்திரி தூக்கம் வருதான்னு கேளுங்க.

கேள்வி: எனக்கு 24 வயசு. பைபிள்ல சந்தேகம் கேட்டாலே விசுவாசம் இல்லன்னு சொல்றாங்க, அதான் போறதையே விட்டுட்டேன். தப்பா?

பதில்: தம்பி, யோவான் 20ம் அதிகாரத்த மறுபடி படி. இயேசு உயிரோட எழுந்தத கண்ணால பாத்தாதான் நம்புவேன்னு சீஷன் தோமா சொன்னதுக்கப்புறம் எட்டு நாள் கழிச்சு இயேசு வர்றப்ப அவன் எங்க இருக்கான்? மத்த சீஷங்ககூட அதே வீட்டுக்குள்ளதான். அவங்க அவன வெளிய தள்ளல, அவனும் கோவிச்சுட்டு போகல. உன்ன தள்ளினவங்க செஞ்சதுதான் தப்பு. 88ம் சங்கீதம் கடைசி வரி வரைக்கும் இருட்டாவே முடியுது, அதுவும் ஜெபம்னுதான் பைபிள்ல இருக்கு. உன்ன மாதிரி கேள்வி உள்ள ரெண்டு பேர கூட்டிட்டு ஒருநாள் சாயங்காலம் ஐயர் வீட்டுக்கு போ. ஆராதனை முடிஞ்ச உடனே வாசல்ல வச்சு கேக்காத, அப்ப அவர் அடுத்த சபைக்கு ஓடிட்டு இருப்பாரு.